பருவம் பார்த்துக் குடித்தவர்கள்

நம்முடைய விசேஷங்களுக்கெல்லாம் தனித்தனியே ஒரு பானம் உண்டு. சித்திரைத் திருவிழா என்றால் பானகமும் நீர்மோரும். ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ். கல்யாணம் என்றால் மணமக்களுக்குப் பாலும் பழமும், வந்தவர்களுக்குக் காபி. இப்படி மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டு வந்தால் ஐப்பசியில் மட்டும் தடுக்கி நிற்க வேண்டியிருக்கிறது. அந்த மாதத்துக்கென்று நம்மிடம் தொண்டையில் இறங்கக்கூடிய பொருள் தீபாவளி லேகியம் ஒன்றுதான். அதைப் பானம் என்று சொல்ல முடியாது. கொண்டாட்டம் என்று சொல்லவும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ஐரோப்பாவிலோ அந்த மாதந்தான் பானங்களின் மாதம். மரங்கள் இலை உதிர்க்கும் அந்தக் காலத்துக்கென்றே ஜெர்மனியில் ஒரு பீர் இருக்கிறது. இங்கிலாந்தின் மேற்கு ஜில்லாக்களில் ஆப்பிளைப் பிழிந்து சைடர் என்ற பானத்துக்குப் பீப்பாய்களை நிரப்புகிறார்கள். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், என் அக்காள் மகன் டெலிபோனில் ஒரு கேள்வி கேட்கும்வரை.

அவனுக்குப் பெங்களூரில் உத்தியோகம். கொடைரோட்டுக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில், ஒரு திராட்சைப் பந்தலை ஒட்டி வீடு கட்டியிருந்தான். ஐப்பசியில் கிருகப்பிரவேசம்.

"மாமா, மொத நாள் எல்லாம் அம்மா இஷ்டப்படி. மறுநாள் என் ஆபீஸ் சிநேகிதங்க இருபது பேர் வர்றாங்க. அவங்கள்லாம் இந்தச் சீசனுக்குன்னு ஒரு பீர், ஒரு சைடர்னு பேசுறாங்க. நம்ம ஊர்ல அதுக்கு ஈடா என்ன இருக்கு?"

பெங்களூரில் 2010-ஐ ஒட்டி, சில உணவு விடுதிகள் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே சிறு அளவில் பீர் காய்ச்சத் தொடங்கின. மாம்பழக் காலத்தில் மாம்பழம் சேர்த்துக் காய்ச்சுவது, கேழ்வரகு சேர்த்துக் காய்ச்சுவது என்று அங்கே பருவத்துக்கும் தானியத்துக்கும் ஏற்றபடி பானம் மாறுகிறது. பையன் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறான். கேள்வி விளையாட்டாகத்தான் வந்தது. ஆனால் எனக்கு இரண்டு நாள் அது மனசை விட்டுப் போகவில்லை.

முதலில் அந்த ஜெர்மானிய பீரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பவேரியா நாட்டில் 1553-ல் ஒரு சட்டம் வந்தது. செப்டம்பர் 29-ஆம் தேதி, மிக்கேல் சம்மனசின் திருநாள் தொடங்கி, ஏப்ரல் 23-ஆம் தேதி, அர்ச். ஜார்ஜியார் திருநாள் வரையில்தான் பீர் காய்ச்சலாம். கோடைக் காலத்தில் காய்ச்சக்கூடாது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. அதனால் வந்த தடை. ஏன் கெடுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் செய்யும் வேலை அது என்று பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பீரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி விளக்கியது 1876-ல். காரணம் தெரியாமலே, வாய்க்குத் தெரிந்ததை வைத்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

தடை வந்தால் வழியும் வரும். கோடை முழுவதும் காய்ச்ச முடியாது என்பதால், மார்ச் மாதத்திலேயே சற்று வீரியமாக ஒரு பீரைக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் ஐஸ் கட்டிகளோடு பத்திரப்படுத்தினார்கள். அதற்கு மார்ச் பீர் என்றே பெயர். இலை உதிர்காலம் வந்து, புதிய தானியம் வீடு வந்து, மறுபடி காய்ச்சத் தொடங்க வேண்டுமானால் பழைய பீப்பாய்கள் காலியாக வேண்டும். காலி செய்வதற்கு ஒரு கொண்டாட்டம் வசதியாக இருந்தது. 1810 அக்டோபர் 12-ல் பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேஸ் என்ற இளவரசிக்கும் நடந்த கல்யாணம் மியூனிக் நகரத்தின் அக்டோபர் திருவிழாவுக்கு வித்திட்டது. இப்போது அந்தத் திருவிழா செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. கல்யாணம் நடந்த மாதத்தைவிட வெயிலுள்ள மாதம் சௌகரியம் என்று முன்னே தள்ளிக்கொண்டார்கள். நம்முடைய முகூர்த்தங்களையே மண்டபம் கிடைக்கிற தேதி தீர்மானிக்கும்போது நாம் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

சைடர் கதை வேறு. ஹெர்போர்டு, சாமர்செட் பக்கங்களில் சைடருக்கென்று தனி ஆப்பிள் மரங்கள் உண்டு. அந்தப் பழத்தைக் கடித்தால் துவர்ப்பும் கசப்புமாக முகம் கோணும். அதை அரைத்து, பிழிந்து, பீப்பாயில் ஊற்றி வைத்தால் பனிக்காலம் முழுவதும் மெதுவாகப் புளிக்கிறது. ஜனவரி 17-ல், பழைய பஞ்சாங்கத்தின் கணக்குப்படி, சில ஊர்களில் தோப்புக்குப் போய் மரத்தின் வேரில் சைடரை ஊற்றி, அதில் நனைத்த ரொட்டியைக் கிளையில் வைத்து, துப்பாக்கி வெடித்து, வரும் வருஷமும் காய்க்கும்படி மரத்தைக் கேட்டுக்கொள்கிறார்கள். நமது மாட்டுப் பொங்கலுக்கு இரண்டொரு நாள் கழித்து! மாட்டுக்கும் மரத்துக்கும் நன்றி சொல்லும் புத்தி மனிதருக்கு ஒரே வாரத்தில் இரண்டு கண்டங்களில் வருகிறது.

ஆனால் அதே தோப்பில் இன்னொரு கதையும் நடந்தது. பண்ணைக் கூலிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்தார்கள். கூலியைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும், சைடராகக் கொடுக்கக்கூடாது என்று 1887-ல் பார்லிமெண்டு சட்டம் போட வேண்டியிருந்தது. தோப்பும் பாட்டும் வெடியும் மாத்திரம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. வீட்டில் அடுப்பு எரியப் பணம் வேண்டும் என்று காத்திருந்த பெண்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி நம்முடைய ஊருக்கு வருகிறேன். இலை உதிர்காலம் என்று கொடைரோட்டில் ஒன்று இல்லை. நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அது மழையின் காலம். சிறுமலையின் தலையை மேகம் மூடியிருக்கும். ஓடைகளில் செம்மண் நீர் வரும். இலைகள் உதிர்வதற்குப் பதிலாக அப்போதுதான் துளிர்க்கும்.

ஆனால் பழம் இறங்குகிற ஊர் இது. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-ல் ரயில் பாதை வந்தபோது, கொடைக்கானலுக்குப் போகிற துரைமார்கள் இறங்குவதற்கு இந்த அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன்தான். மோட்டார் பாதை வரும்வரை இங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரம் போய், அதற்கு மேல் டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். அவர்கள் ஏறிய வழியில் பின்னால் பேரிக்காயும் பிளம்ஸும் இறங்கின. ஆப்பிளிலிருந்து சைடர் போலவே பேரிக்காயிலிருந்தும் இங்கிலாந்தில் ஒரு பானம் உண்டு. அதற்குப் பெர்ரி என்று பெயர். எங்கள் பக்கத்தில் பேரிக்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்கிறார்களே தவிர, பிழிந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

திராட்சை விஷயம் அப்படியல்ல. கொடைரோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி சுற்றுவட்டாரத்தில் விளைவது பன்னீர் திராட்சை. இதே ஜாதிப் பழத்துக்குத்தான் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரில் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து நட்ட கொடி என்று சொல்கிறார்கள். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். பாதிரிமார் கொண்டுவந்த கொடிக்குப் பூசையில் ஒரு வேலை உண்டல்லவா? அந்தப் பழக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் ஒரு கைப்பிடி கோதுமையும் பட்டையும் போட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். தினம் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளற வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று வருகிறவர்களுக்குச் சின்னக் கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர், கேக்கோடு. அனுமதி இல்லாமல் புளிக்க வைப்பது சட்டப்படி குற்றமாகையால் எந்த ஊர், எந்த வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த ஜாடி ஒரு வருஷத்தில் ஒரு முறைதான் பரணிலிருந்து இறங்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சரி, பீர்? அதுவும் தமிழனுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று இருக்கிறது. காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது. அதில் வலைஞர் வீட்டில் பாணனுக்குக் கிடைக்கும் உபசாரத்தைச் சொல்லும்போது, அரிசியைக் கூழாகத் துழாவிக் காய்ச்சி, அகன்ற தாம்பாளத்தில் ஆறவைத்து, முளைகட்டிய நெல்லின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊறவிட்டு, ஜாடியில் முதிரவைத்துப் பிழிகிற ஒரு கள்ளின் செய்முறை வருகிறது. தானியத்தை முளைக்கவிட்டு அந்த முளையால் மாவைச் சர்க்கரையாக்கிப் புளிக்கவைப்பதுதான் பீரின் இலக்கணம். ஜெர்மானியர் வாற்கோதுமையில் செய்வதை வலைஞர் நெல்லில் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டுக்களில் குடி என்பது விருந்தின் அங்கம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், கொஞ்சமாகக் கிடைத்தால் அவன் தனக்கென்று வைத்துக்கொள்ளாததையும், நிறைய இருந்தால் எல்லாரோடும் பகிர்ந்துகொண்டதையும் நினைத்து அழுகிறார். அதற்குப் பின்னால் வள்ளுவர் வந்து கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். குடித்தவன் முகம் பெற்ற தாய்க்கே வெறுப்பைத் தரும் என்கிறார். இரண்டும் நம்முடைய மொழியில்தான் இருக்கின்றன. நான் ஔவை பக்கமா, வள்ளுவர் பக்கமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்வதைத் தவிர வேறு பதில் இல்லை.

என் பால்ய சிநேகிதனுடைய தகப்பனார் பனையேறி. காலில் தளையும் இடுப்பில் பாளை அரிவாளுமாக அவர் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குவதை நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்போம். பனை ஒரு வினோதமான மரம். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் வடிவது ஒரே சாறுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால் பொழுது ஏறுவதற்குள் கள். அமெரிக்காவில் சைடர் என்று கேட்டால் பெரும்பாலும் புளிக்காத ஆப்பிள் சாற்றைக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் கேட்டால் போதையுள்ளதைக் கொடுப்பார்கள். பெயர் ஒன்று, பானம் இரண்டு. நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள், ஒரு சாற்றுக்கு இரண்டு பெயர் வைத்துக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டார்கள்.

சுண்ணாம்பு தடவாத கலயத்துக்கு அரசாங்கம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தளர்த்தினார்கள். 1974-ல் மறுபடி மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள்ளும் சாராயமும் விற்கக்கூடாது என்று ஆயிற்று. சீமைச் சரக்கு என்று நாங்கள் சொல்கிற பாட்டில் மட்டும் நின்றது. எங்கள் சிநேகிதன் வீட்டில் அன்றுமுதல் எல்லாக் கலயங்களுக்கும் சுண்ணாம்புதான்.

அவனுடைய அப்பா குடிக்காதவர் அல்ல. கள் இறக்கிய நாளில் குடித்தவர்தான். ஆனால் பனைக்கு ஒரு காலம் உண்டு. தை, மாசியில் பாளை விட்டால் ஆடியோடு சரி. மழைக்காலத்தில் மரம் ஒன்றும் தராது. ஆகவே வருஷத்தில் பாதி நாள் அவருக்குக் குடியும் கிடையாது. பங்குனியில் ஊர் அம்மன் திருவிழாவன்று முதல் கலயத்தைக் கோவில் வாசலில் கொஞ்சம் ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தன் வயதுக்காரர்கள் நாலு பேரோடு குடிப்பார். அடுத்த நாள் விடியற்காலையில் மரம் ஏற வேண்டும் என்பதால் அளவும் அவருக்குத் தெரியும். கால் தடுமாறினால் வீடு திரும்ப மாட்டோம் என்பதைவிடப் பெரிய உபதேசம் கிடையாது.

மகன் மரம் ஏறவில்லை. லாரி ஷெட்டில் வேலை. பாட்டிலுக்குப் பருவம் கிடையாது. ஐப்பசியிலும் கிடைத்தது, ஆனியிலும் கிடைத்தது. தடுமாறினாலும் விழுவதற்கு மரம் இல்லை, திண்ணைதான். நாற்பது முடிந்த வருஷம் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். காரியத்தன்று அவன் தாயார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"அவுக அப்பா மாசம் பாத்துக் குடிச்சாரு தம்பி. இவன் மணி பாத்துக் குடிச்சான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் ஒன்றும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு கள் நல்லது, பாட்டில் கெட்டது என்று நான் வாதாட வரவில்லை. கள் குடும்பங்களைக் கெடுத்ததனால்தான் 1921-ல் பெரியார் தம்முடைய தோப்பில் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். கள்ளுக்கடை மறியலில் பெண்கள் முன்னால் நின்றதும் காரணமில்லாமல் அல்ல. தோட்டத்துப் பானமானாலும் அதைக் கூலியாக அளந்தால் என்ன ஆகும் என்பதை ஆங்கிலேயப் பண்ணைகளில் பார்த்தோம். நான் சொல்வது சின்ன விஷயம். பவேரியாவில் கோடையும், சாமர்செட்டில் மரமும், எங்கள் ஊரில் மழையும் மனிதனுக்கு ஒரு வேலி போட்டிருந்தன. அவன் புத்திசாலியாக இருந்து போட்டுக்கொண்ட வேலி அல்ல, தானாக விழுந்தது. 1870-களில் லிண்டே என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் குளிர்சாதன இயந்திரத்தைச் செய்து பீர் ஆலைக்குக் கொடுத்தார். கோடையிலும் காய்ச்சலாம் என்று ஆயிற்று. அன்றோடு அந்த ஊரில் மார்ச் பீருக்கு அவசியம் போய்விட்டது. பெயரும் ருசியும் நிற்கின்றன. நமக்கும் அப்படித்தான். பருவம் போட்ட வேலி போன இடத்தில் வீட்டுக்கு வீடு மனிதர்களே ஒரு வேலி போட்டிருக்க வேண்டும். அது எல்லா வீட்டிலும் நடக்கவில்லை.

மருமகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? யோசித்துக்கொண்டே வரும்போது ஒன்று தட்டுப்பட்டது. மார்ச் மாதத்தில் செய்து, வெயிலைத் தாண்டப் பத்திரப்படுத்தி, ஐப்பசி மழையில் எடுத்துக் குடிக்கிற பானம் நம்மிடம் இல்லாமல் இல்லை. பங்குனியில் இறக்குகிற பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஓலைக் கொட்டானில் கட்டிப் பரணில் வைத்தால் மழைக்காலம்வரை நிற்கும். மழை பிடித்துக்கொண்ட சாயங்காலத்தில் அதைத் தட்டிப் போட்டு, சுக்கும் மிளகும் கொத்தமல்லி விதையும் இடித்துப் போட்டுக் கொதிக்க வைத்தால் சுக்குக் காபி. வீடு முழுக்க மணக்கும். போதைக்குப் பதிலாகக் காரம். நம்முடைய மார்ச் பீர் இதுதான். அடுப்பங்கரையில் இருந்ததால் அதைக் கொண்டாட்டத்தில் சேர்க்காமல் ஜலதோஷத்தில் சேர்த்துவிட்டோம்!

"மாப்பிள்ளை, அன்னிக்குக் காலையில பந்தல்லேருந்து பறிச்ச திராட்சையைப் பிழிஞ்சு வை. சாயங்காலம் மழை வந்தா பெரிய பாத்திரத்துல சுக்குக் காபி போடு. மத்தது உன் சிநேகிதங்க இஷ்டம்" என்றேன். அவன் சிரித்தான். ஆனால் அப்படியே செய்தான். மழையும் வந்தது. ஜெர்மனிக்குப் போய்வந்த ஒரு பெண் மூன்றாவது டம்ளர் கேட்டதாகப் பின்னால் சொன்னான். மற்றதைப் பற்றி அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

கருப்பட்டி வாங்க நான்தான் போனேன். சிநேகிதனின் தாயார் இப்போது அதைத்தான் வைத்து விற்கிறார். அவர் வீட்டில் ஏற ஆள் இல்லை. பக்கத்து ஊரில் இன்னும் ஏறுகிற ஒருவரிடம் பங்குனியிலேயே பணம் கொடுத்துவைத்து வாங்கி, பரணில் அடுக்கிவிடுகிறார். ஐந்து கிலோ கேட்டேன். கொட்டானை இறக்கி, ஒரு வட்டைத் தரையில் தட்டி உடைத்தார். உடைந்த இடம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. வாசலில் அவருடைய பேரன், என் சிநேகிதனின் பையன், பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றான். ஒரு துண்டை அவன் வாயில் போட்டுவிட்டு, "போன பங்குனிச் சரக்கு" என்றார் என்னிடம், எடை போட்டுக்கொண்டே.